போதும்னு சொல்ல ஒரு ஆள்

இலத்தூர்
12.5.2024

அக்கா ரெங்கம்மாளுக்கு தம்பி சுடலையாண்டி எழுதுறது. நான் உசுரோட இருக்கேன். நீ எப்படி இருக்கன்னு போன்ல கேட்டா ‘சாப்ட்டேன், சாப்ட்டேன்’ங்க. காது போன கிழவிகிட்ட இனி போன்ல கத்த எனக்கு முடியாது. அதனால எழுதிக் கேக்கேன். நல்லா இருக்கியா? மும்பைல மருமக சோறு போடுதாளா, இல்ல மூணு நேரமும் சப்பாத்திதானா?

உன் மூத்த மகன் இசக்கிமணிக்கு ஒரு குறையும் இல்ல. நாப்பது வயசுக் குழந்தைக்குத் தொப்பை போட்டிருக்கு. நானும் தினமும் சைக்கிள மிதிச்சு தயவு பண்ணைக்குப் போயி, அவன்கூடயும் அங்கன தங்கியிருக்க அவன மாதிரி பிள்ளைககூடயும் சேந்து வெங்காயத்துக்குக் களை எடுக்கேன். நெத்தி நெறைய துண்ணூறு பூசுன கிழவனுக்கு ஏசுவக் கும்பிடுத வேதக்காரங்க பண்ணையில என்ன சோலின்னு ஊர்ல கேக்கானுவ. ஊழியம்லேன்னு சொல்லிட்டேன்.

பண்ணையப் பாத்துக்கிடுத ஏசுவடியான் பிரதரு காலையில ஜெபம் ஆரம்பிச்சா லேசுல முடிக்க மாட்டாரு. நேத்து நான் கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டு, “பிரதரே, சீக்கிரம் ஆமென் சொல்லும், வெயில் ஏறுது”ன்னேன். கண்ணு தெரியாத மூக்கம்மா உடனே, “அண்ணாச்சி, உம்ம கண்ணு தொறந்திருக்குன்னு எனக்கே தெரியுது, மூடும்வே”ன்னா. பிரதருக்கு ஜெபத்துக்கு நடுவுல சிரிப்பு வந்துட்டு.

ஒரே ஒரு சங்கதி. நீ கோவப்படக் கூடாது. இந்தப் பண்ணைய நடத்துத சென்னை சபையிலேர்ந்து பிள்ளைக ஒரு வாரம் ஊழியம் செய்ய வந்திருந்துச்சு. எல்லாம் ஒரே கலர் பனியன். நான் ஒரு நாள் தென்காசிக்கு ஒரு சோலியாப் போயிட்டேன். மணி மம்பட்டியப் பிடிச்சா ‘போதும்யா’ன்னு நான் சொல்லணும்லா, சொன்னாத்தான நிறுத்துவான்? அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவன் வெட்ட வெட்ட கை தட்டியிருக்கு. அவனும் சிரிச்சுக்கிட்டே உச்சி வெயில்ல வெட்டிக்கிட்டே இருந்திருக்கான். பிரதரு வந்து “போதும் மணி”ன்னு கெஞ்சியிருக்காரு. கேக்கல. நான் வந்து சொன்ன பிறகுதான் மம்பட்டியக் கீழ வெச்சான். உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சு போச்சு. கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு உக்காந்து அழுதுச்சு, பாவம்.

இப்ப ஆறிட்டு. எல்லாம் நீ பண்ணுன வேலைதான். ரயில் ஏறுததுக்கு முன்னால சுடலைமாடன் கோயில்ல வெச்சு, என் நெத்தியிலயும் அவன் நெத்தியிலயும் துண்ணூறப் பூசி, அவன் கைய என் கையில வெச்சு, “இனி மாமா சொன்னா போதும்யா”ன்னுட்டுப் போயிட்ட. அவன் அதையே பிடிச்சுக்கிட்டான்.

கால் வலிக்குத் தைலம் தேச்சுக்கோ. சின்னவனையும் பேத்தி ஸ்வாதியையும் கேட்டேன்னு சொல்லு.

உன் தம்பி
சுடல


மும்பை
29.5.2024

தம்பி சுடலைக்கு அக்கா எழுதுறது. இங்கன எல்லாரும் சுகம். உன் சுகத்தைத்தான் நான் கேக்கணும்.

தென்காசில உனக்கு என்னலே சோலி? சினிமாவா பாக்கப் போன? நீ இல்லாத நேரத்துல என் பிள்ளை கை கிழிஞ்சிருக்கு. அத எழுதிட்டு மூக்கம்மா சொன்ன பகடியையும் எழுதுத.

அவன் சின்னதுல சோத்த அள்ளுனா அள்ளிக்கிட்டே இருப்பான். குளிக்கப் போனா தொட்டித் தண்ணி தீந்துரும். எங்க நிறுத்தணும்னு அவனுக்கு உள்ளுக்குள்ள ஒண்ணும் சொல்லாது. அதான் நான் சொன்னா நிறுத்தணும்னு பழக்குனேன். அவனக் கட்டிப் போடாம வளக்க எனக்கு வேற வழி தெரியல. ஒருத்தர் சொல்லுக்குத்தான் நிப்பான்னும் எனக்குத் தெரியும். அதனாலதான் கோயில்ல வெச்சு உன்கிட்டக் குடுத்தேன்.

ஸ்வாதி போன வாரம் உன்கிட்டப் பேசுனாள்லா? தாத்தா குரல் ஒரு மாதிரி கரகரன்னு இருக்குங்கா. என்னது அது? பீடிய விட்டியா இல்லியா?

மறைக்காம எழுது.

அக்கா


இலத்தூர்
22.6.2024

அக்காளுக்கு. நான் சுகம். நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்.

குரல் கரகரன்னதுக்குக் காரணம் குத்தாலம். சீசன் ஆரம்பிச்சு சாரல் நல்லாப் போடுது. ஐந்தருவில போயி தலையக் குடுத்தேன், சளி பிடிச்சுட்டு. வேற ஒண்ணும் இல்ல. பீடிய விட்டாச்சு. பீடியும் என்னைய விட்டாச்சு.

போன வாரம் பிரதரு வேன் பிடிச்சு பிள்ளைகள எல்லாம் பழைய குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. மூக்கம்மா அருவிக்குள்ள நின்னுக்கிட்டு, “ஏசப்பா, இது எம்புட்டு உயரம்னு யாராவது சொல்லுங்களேன்”ங்கா. நான், “உன் வாயி நீளத்துக்கு இருக்கும்ட்டி”ன்னேன்.

மணிக்கு ஒரே குஷி. தலையக் குடுத்துக்கிட்டு நின்னவன் நின்னவன்தான். வரிசையில பின்னால கூட்டம் ஏசுது. போலீஸ்காரரு விசில் ஊதுதாரு. நான், “போதும்யா மணி, வா”ன்னு கத்துதேன். எனக்கே கேக்கல. அருவிச் சத்தம். பிரதரு உள்ள போயி இழுத்தாரு, அவரத் தள்ளி விட்டுட்டான். உதடு நீலம் பூத்துப் போச்சு. கடைசியில நானே தண்ணிக்குள்ள போயி, அவன் காதுல வாய வெச்சுச் சொன்னேன். உடனே ஆட்டுக்குட்டி மாதிரி என் பின்னால வந்துட்டான்.

அருவிச் சத்தந்தான், பயப்படாத. சின்னவனுக்கு என் அன்பு. உன் காதுக்கு சொட்டு மருந்து விடுதியா?

சுடல


மும்பை
3.7.2024

தம்பிக்கு. உன் கடுதாசி வந்தது. நான் அப்படியே இருக்கேன். காதுக்கு விட்ட மருந்து காதுக்குத்தான் தெரியும்.

ஏலே சுடல, பழைய குத்தாலம் அருவி இன்னைக்கா கத்துது? நீ கம்மாய்க்கு இந்தக் கரையில நின்னு அந்தக் கரையில மேயுத மாட்டத் திருப்புனவன். கொடைக்கானல் வரைக்கும் கேக்குத உன் தொண்டைக்கு அருவிச் சத்தம் ஒரு சத்தமா? நான் காது கேக்காதவ. மூளை இல்லாதவ இல்ல.

டாக்டர் என்ன சொன்னாருன்னு எழுது. மணி காரியத்துக்கு எனக்கு ஒண்ணு தோணுது. ஸ்வாதி என் குரலப் பிடிச்சு பிரதரு போனுக்கு அனுப்பியிருக்கா. “போதும்யா மணி, எந்திரிய்யா”ன்னு சொல்லியிருக்கேன். நீ இல்லாத நேரத்துல அதப் போட்டுக் காட்டச் சொல்லு.

அக்கா


இலத்தூர்
19.7.2024

அக்காளுக்கு. சுகம். மழை சுகம். சளி மட்டும் என்னையக் கட்டிக்கிட்டு விட மாட்டேங்குது.

உன் குரலப் போட்டுக் காட்டுனோம். மம்பட்டிய உடனே கீழ வெச்சுட்டான். பிரதரு, “தோத்திரம்!”னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நானும் கொஞ்சம் சந்தோசப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவன் வந்து போன வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். பிரதரு சட்டைப் பைக்குள்ள கைய விட்டுப் பாத்தான். ஜெபக்கூடத்துல போயித் தேடினான். அப்புறம் வாசல் கேட்ல போயி உக்காந்தவன்தான். சோத்துக்கும் வரல. மறு நாளும் அங்கனதான். “அம்மா வரா”ங்கான். நான் போயி, “அம்மா வரலய்யா, காத்திருந்தது போதும்”னு சொல்லித்தான் எழுப்புனேன். அத அழிச்சாச்சு. நீ இனி ஒண்ணும் அனுப்பாத.

ஒரே வழிதான் இருக்கு. நீ எனக்குக் குடுத்த மாதிரி நான் பிரதருகிட்டக் குடுக்கணும். ஆனா மணி சும்மா வாயால சொன்னா கேக்கானா? எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு. சுடலைமாடன் கோயில் வேணும், துண்ணூறு வேணும், கையப் பிடிச்சுக் குடுக்கணும். அவனுக்கு அதுதான் பத்திரம் பதிஞ்ச மாதிரி.

பிரதருகிட்டக் கேட்டேன். அவரு மொகம் செத்துப் போச்சு. “என்ன வே, உம்ம ஆண்டவரு கோவிச்சுக்குவாரா?”ன்னேன். “அண்ணாச்சி, அவரு கோவிச்சுக்க மாட்டாரு. அவரு ஆளுக கோவிச்சுக்குவாங்க”ன்னாரு. அன்னைக்கு முழுக்க ஜெபக்கூடத்துலயே கெடந்தாரு. நானும் கேலி பண்ணல.

உடம்பப் பாத்துக்கோ.

சுடல


இலத்தூர்
10.8.2024

அக்கா! உன் பதிலுக்குக் காத்திருக்க முடியல. நீ சுகமா இருப்ப, இருந்துதான் ஆகணும்.

பிரதரு வந்துட்டாரு! நேத்து, ஆடி நாலாவது வெள்ளி, நம்ம சுடலை கோயிலுக்கு. வெள்ளச் சட்டை, வெள்ள வேட்டி, மாப்பிள்ளை மாதிரி. வாசல்ல நின்னு கண்ண மூடி உதட்ட அசைச்சாரு. அவரு ஆண்டவருகிட்ட சொல்லிட்டு உள்ள வந்திருக்காரு. நான் அவரு நெத்தியில மூணு வெரலால துண்ணூறப் போட்டேன். மணி நெத்தியிலயும் போட்டேன். அவன் கைய அவரு கையில வெச்சு, தொண்டைய இருமி சரி பண்ணி, “இனி பிரதரு சொன்னாலும் போதும்யா”ன்னேன். மணி அவரு நெத்திய விரலால தொட்டுப் பாத்தான். விரலப் பாத்தான். சிரிச்சான்.

சாயங்காலம் சூரியகாந்திப் பூவக் கம்பால தட்டிக்கிட்டு இருந்தான். பிரதரு தூரத்துலேர்ந்து, “போதும் மணி”ன்னாரு. டக்குன்னு கம்பக் கீழ போட்டான்! பிரதரு வரப்புலயே உக்காந்து அழுதுட்டாரு. மூக்கம்மா, “என்ன சத்தத்தையே காணும், யாரு செத்தா?”ங்கா.

துண்ணூறும் கையுமா அவர ஒரு போட்டோ பிடிச்சேன். என்ன அழகு தெரியுமா! சென்னையிலேர்ந்து வந்து அழுத அந்தக் கண்ணாடிக்காரப் பொண்ணு போறப்போ குடுத்த நம்பருக்கு, ‘உங்க பிரதர் எங்க ஆளாயிட்டார், அடுத்த கோயில் கொடைக்குச் சாமியாடுவார்’னு எழுதி அனுப்பி விட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் டைப் அடிச்சுக் குடுத்தா. நல்லா சிரிச்சிருக்கும் அந்தப் பொண்ணு.

இனி நான் நிம்மதியா சளி பிடிச்சுக் கெடப்பேன்.

சுடல


மும்பை
26.8.2024

தம்பிக்கு. நாங்க எல்லாரும் சுகம். உன் கடுதாசிய ஸ்வாதிகிட்ட வாசிக்கச் சொல்லி அவ வாயசையுததப் பாத்துக்கிட்டு இருந்தேன். எத்தன தடவன்னு கேக்காத.

அந்த மனுசனுக்கு என் கும்பிடச் சொல்லு. தன் சாமிய வெளியில நிறுத்திட்டு என் பிள்ளைக்காக உள்ள வந்திருக்காரு.

ஆனா போட்டோ எடுத்து அனுப்புத குசும்பு எதுக்குலே உனக்கு? அவங்க எப்படி எடுத்துக்குவாங்களோ. உனக்கு வாயி அடங்காது, சின்னதுலேர்ந்து அடங்காது.

இன்னொண்ணு. இவ்வளவு அவசரமா என் பிள்ளைய ஏன் வேற கையில குடுத்த? நீ எங்க போகப் போற? அதுக்குப் பதில் எழுது.

அக்கா


மும்பை
30.9.2024

தம்பி சுடலைக்கு. உன்கிட்டயிருந்து ஒண்ணும் வரல. சுகமா? ஸ்வாதி போன் போட்டா நீ எடுக்க மாட்டேங்கியாம். பிரதரும் எடுக்க மாட்டேங்காராம். பயமா இருக்கு. ஒரு வரி எழுது. என்னைய ஏசியாவது எழுது.

அக்கா


தயவு பண்ணை
14.10.2024

மதிப்பிற்குரிய அம்மா ரெங்கம்மாள் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் தாங்கள் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தம்பி எழுத வேண்டாம் என்று சைகை காட்டினார். ஆனாலும் தாயாகிய உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் கோயிலில் நின்ற படம் சபையின் பெரியவர்களுக்குப் போய்விட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இத்தனை வருடம் இந்தப் பண்ணையை அவர்கள்தான் தாங்கினார்கள். சபையார் முன்னால் நின்று, செய்தது தவறு, இனிச் செய்ய மாட்டேன் என்று சொல்லும்படி மட்டும் கேட்டார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் ரயில் ஏறினேன். அங்கே நின்றபோது வாய் வரவில்லை. தவறு என்று சொன்னால், மணியிடம் நான் வாங்கிய வார்த்தையும் தவறாகிவிடும் அல்லவா? அதன் பிறகு எந்த முகத்தோடு அவனிடம் ‘போதும்’ என்பேன்?

சபை உதவியை நிறுத்திவிட்டது; பண்ணையை மூடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடம். மூக்கம்மாள் நாகர்கோவில் பக்கம் போகிறாள். மணிக்கு மதுரை தாண்டி ஒரு பெரிய இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சம்பளமில்லாமல் நானும் அவனோடு அங்கே இருக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவர்கள் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நான் புனலூரில் என் மகள் வீட்டுக்குப் போகிறேன். மாதம் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்கள். நான் போவேன்.

உங்கள் தம்பியின் தொண்டையில் இருப்பது சளி அல்ல அம்மா. மே மாதம் தென்காசிக்குப் போனபோதே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது திருநெல்வேலியில் புற்றுக்குக் கரண்ட் வைக்கிறார்கள். குரல் போய்விட்டது.

படத்தை யார் அனுப்பினார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஜெபத்தில் நினைக்கும்,
ஏசுவடியான்


இலத்தூர்
25.10.2024

அக்காளுக்கு. சுகம். மணிய புது இடத்துல கொண்டு போயி விட்டாச்சு. நல்ல கட்டடம். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன். மழை பெய்யுது. நீ சுகமா?

சுடலையாண்டி


மும்பை
9.11.2024

தம்பிக்கு. நான் சுகமா இருந்து என்ன செய்ய?

உன் கடுதாசியத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். பின் பக்கமும் பாத்தேன். ஒரு கேலி இல்ல. பேரக்கூட முழுசா எழுதியிருக்க. பிரதரு எழுதுனதப் படிச்சப்போ வராத பயம் இதப் படிச்சப்போ வந்துட்டு.

மணிய இங்கன கூட்டிட்டு வருவோம்னு சின்னவன்கிட்டக் கேட்டேன். ஒத்த ரூம் வீடு, எங்க படுக்க வைக்கன்னு கேட்டான். அவன் கேட்டதுல தப்பு இல்ல. ஆனா என் மொகத்தப் பாக்காம கேட்டான்.

ஏலே சுடல, என்னையக் கேலி பண்ணி நாலு வரி எழுது. செவிட்டுக் கிழவின்னு எழுது. அப்புறம் மணியப் பாத்துட்டு வந்து உள்ளத உள்ளபடி எழுது. எனக்கு நல்ல கட்டடம் வேண்டாம்.

அக்கா


இலத்தூர்
20.1.2025

செவிட்டுக் கிழவிக்கு ஊமைக் கிழவன் எழுதுறது.

கேலி பண்ணச் சொன்ன, பண்ணுதேன். உனக்குக் காது இல்ல, எனக்கு வாயி இல்ல. நம்ம குடும்பத்துல முழுசா இருக்கது மணி ஒருத்தன்தான். ஆஸ்பத்திரில கஞ்சியக் குழாய்ல விடுதாவ. உன் மருமக சப்பாத்தி வந்தாலும் குழாய்ல போகாது, நான் தப்பிச்சேன். போதுமா?

இப்ப உள்ளத எழுதுதேன். பொங்கல் முடிஞ்சு பஸ் ஏறிப் போயி மணியப் பாத்தேன். சுத்தமான இடம். அடிக்க மாட்டாங்க, ஏச மாட்டாங்க. வேலை மட்டும் கெடையாது. மம்பட்டி குடுத்தா நிறுத்த மாட்டான்னு குடுக்கதே இல்லியாம். காலையில கொண்டு உக்கார வெச்ச இடத்துல இருக்கான். கையி மெத்துன்னு ஆயிட்டு அக்கா, குழந்தை கை மாதிரி.

நான் போனப்போ சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. மணி மட்டும் வெறுந்தட்ட மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். கையில சோத்துப் பருக்க காஞ்சு ஒட்டிக் கெடக்கு. என்னையப் பாத்ததும், “மாமா!”ன்னு சிரிச்சான். எந்திரிக்கல. என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தான்.

நான் சொன்னேன் அக்கா. காத்துதான் வந்துச்சு. இன்னொரு தடவ சொன்னேன். காதுல வாய வெச்சும் சொன்னேன். கைய ஆட்டிக் காட்டுனேன். அவன் சிரிச்சுக்கிட்டே, தட்டையும் விடாம, எப்ப சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தான். அங்கன வேலை பாக்குத பொம்பள வந்து தட்டப் பிடுங்கிட்டுப் போனா. தினமும் மூணு நேரமும் இப்படித்தானாம். தட்டுப் போன பிறகும் அவன் கைய அப்படியே மடியில வெச்சுக்கிட்டுத்தான் இருந்தான்.

வார்டன் நல்ல மனுசன்தான். அவரு கையில பிடிச்சுக் குடுக்கலாம்னா, கோயிலுக்கு மணிய வெளிய விட மாட்டாங்களாம். விட்டாலும் சொல்லிக் குடுக்க என்கிட்டக் குரல் எங்க இருக்கு? பிரதரு வார ஞாயித்துக்கிழமை மட்டும் அவன் ஒழுங்கா எந்திரிச்சு கை கழுவுதானாம். மாசத்துல ஒரு நேரம்.

நான் வேற ஒண்ணும் எழுதல. உன் காலப் பாத்துக்கோ.

சுடல


மும்பை
11.2.2025

எய்யா சுடலைக்கு அக்கா எழுதுறது.

உன் கேலி வந்து சேந்துச்சு. சிரிச்சேன். மெய்யாத்தான் சிரிச்சேன். குழாய்ல கஞ்சி சூடா விட்டா தொண்டைக்கு ஆகாது, ஆற வெச்சு விடச் சொல்லு.

என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போன்னு சின்னவன்கிட்டக் கேட்டேன். ஸ்வாதி பரீட்சை முடியட்டும்னான். அப்புறம் என் முட்டிக்கு ரயில் ஆகாதுன்னான். நான் மேல கேக்கல. நான் போயிச் சொன்னா மணி ஒரு நேரம் எந்திரிப்பான். மறு நேரத்துக்கு? நான் திரும்பி வந்துட்டா மறுபடியும் கேட்டுல போயி உக்காருவான். அத நான் ஒரு தடவ அவனுக்குச் செஞ்சது காணாதா?

நீ ஆடி மாசம் சந்தோசமா எழுதுன கடுதாசி என்கிட்ட இருந்துச்சு. அதக் கிழிச்சுப் போட்டுட்டேன். நீயும் அதப் பத்தி இனி எழுத வேண்டாம். பிரதருக்கும் எழுத வேண்டாம். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு உனக்கும் தெரியும். விட்ரு.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன், கோட்டிக்காரின்னு சொல்லாத. மணிக்கு அங்கன சோறு போடுத நேரம் என்னன்னு ஸ்வாதிய விட்டுக் கேட்டு வெச்சுக்கிட்டேன். மூணு நேரமும் அவன் சாப்பிட்டு முடிச்சிருப்பான்னு தோணுத நேரத்துக்கு, நான் பால்கனில போயி தெக்குப் பாத்து நின்னு, “போதும்யா மணி, எந்திரிய்யா, கையக் கழுவுய்யா”ன்னு சொல்லுதேன். எவ்வளவு சத்தமாச் சொல்லுதேன்னு எனக்குத் தெரியாது. நேத்து கீழ விளையாடுன பிள்ளைக எல்லாம் நின்னு அண்ணாந்து பாத்துச்சு. மருமக வந்து என் தோளப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி கதவச் சாத்திப் பூட்டிட்டா. திட்டல. சாவிய இடுப்புல சொருகிக்கிட்டா.

இன்னைக்குச் சாப்பாட்டு நேரம் வரப் போகுது. அடுப்படியில ஒரு சின்ன ஜன்னல் இருக்கு, அது வடக்குப் பாத்தது. பரவால்ல, அங்கன போறேன்.

அக்கா